மிச்சமிருந்த இடக்கை

குழந்தை மறுபடியும் வலது கையால்தான் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டது. நீட்டிய தையல்காரர் உச்சுக்கொட்டினார்.

"நீங்க நீட்டினதே வலது பக்கமாத்தான்," என்றாள் மனைவி.

"நட்டநடுவுலதான் நீட்டினேன். வேணும்னா டேப் வச்சு அளந்து பாரு."

அவர் கவலை அவருக்கு. மகள் பிறந்த அன்றே மாமனார் வந்து பங்கு பிரித்துவிட்டார். மூக்கு மாமனாருடையது. சுருட்டை முடி மாமியாருடையது. கோபம் மச்சானுடையது. போன மாதம் குழந்தை தும்மியபோது, "அப்படியே எங்க சித்தப்பா தும்மல்," என்று அதையும் எடுத்துக்கொண்டு போனார். தையல்காரருக்கென்று மிச்சமிருந்தது ஒன்றுதான். அவர் இடக்கைக்காரர், கத்திரிகூட அதற்கென்றே சொல்லிச் செய்தது. மகளுக்கும் அது வந்திருந்தால், 'இது என் பிள்ளை' என்று ஓர் இடத்திலாவது விரல் வைத்துச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருகிறார். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

முதலில் கவுனின் இடது மார்பில் ஒரு பை தைத்து, உள்ளே பிஸ்கட்டைப் போட்டார். குழந்தை வலது கையைக் குறுக்கே விட்டு அழகாக எடுத்துக்கொண்டது.

"இடது பக்கம் பை வைக்கிறதே வலது கைக்காகத்தானே," என்றாள் மனைவி. "இருபது வருஷமா என்னதான் தைக்கிறீங்க?"

பையைப் பிரித்து வலது பக்கம் மாற்றினார். குழந்தை தலையைக் கவிழ்த்து, பிஸ்கட்டைப் பையோடு சேர்த்துச் சப்ப ஆரம்பித்தது.

மூன்றாவதாக, வலது கைப்பகுதியை மட்டும் நீளமாக விட்டு நுனியை மூடித் தைத்தார். குழந்தை அந்தத் தொங்கலைச் சுழற்றி, மேஜையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டது. காபி முழுக்க மனைவியின் மடியில்.

அவள் கத்திரியை எடுத்து அந்த நுனியை நறுக்கி எறிந்தாள். "இன்னொரு தடவை என் பிள்ளைகிட்ட ஊசி நூலோட வந்தீங்கன்னா, உங்க வாயைத் தச்சுடுவேன்."

"என் பிள்ளையாம். நீயும் உங்கப்பா கட்சிதானே."

இதே நினைப்போடு கடையில் உட்கார்ந்தால் வேலை எப்படி ஓடும்? சனிக்கிழமை உயிரியல் ஆசிரியர், இவர் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையோடு கடைக்குள் நுழைந்தார்.

"என்னப்பா இது? பை வலது பக்கம் இருக்கு. ஒரு கை முழங்கால் வரைக்கும் தொங்குது."

"சார், இடக்கைப் பழக்கம் பரம்பரையா வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"இதுக்கா சார் அவ்வளவு படிச்சீங்க?"

"ஜீனுக்கு அதுல கொஞ்சம் பங்கு இருக்குப்பா. அப்பா இடக்கைன்னா வாய்ப்பு லேசா கூடும். அவ்வளவுதான். அப்பவும் பெரும்பாலும் வலது கையாத்தான் இருக்கும். அதை விடு, என் சட்டைக்கு வழி சொல்லு."

ஆசிரியருக்கு வேறு சட்டை தைக்கத் தையல்காரர் தன் செலவில் வெள்ளைத் துணி வாங்கி, ஞாயிறு காலை வீட்டுத் தரையில் விரித்தார். மனம் விட்டுப்போயிருந்தது. நாற்காலியில் மாமனார் காபி குடித்துக்கொண்டிருந்தார். "பாருங்க மாப்பிள்ளை, உக்கார்றதுகூட எங்க அக்கா மாதிரியே."

குழந்தை தவழ்ந்து வந்து நீலச் சாக்கட்டியை எடுத்தது. இடது கையால். துணியின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தது.

தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாக்கட்டியை வாங்கி நடுவில் வைத்தார். மறுபடி இடது கை. இன்னொரு கோடு. மறுபடி வைத்தார். மறுபடியும் இடது.

"துணி போச்சே," என்று மனைவி தலையில் கை வைத்தாள்.

"போனா போகட்டும். மாமா, பாத்தீங்களா? மூணு தடவை. மூணும் இடது. இப்ப சொல்லுங்க, இது யாரு ரத்தம்?"

மாமனார் காபியைக் கீழே வைத்தார். குனிந்து பேத்தியின் இடது கையைப் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பாவம், தோற்ற மனிதர், கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருக்கலாம் என்று தையல்காரருக்கே தோன்றியது.

"அஞ்சு வயசு வரைக்கும் நானும் இடக்கைதான் மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்திட்டாங்க," என்றார் மாமனார். "கையை மாத்தலாம், எங்க ரத்தத்தை மாத்த முடியுமா?"