எட்டில் ஏழு

அப்பாதுரை அன்றும் எட்டே காலுக்குத்தான் வீட்டுக்கு வந்தார்.

"ஏங்க இவ்ளோ லேட்டு?" என்று கேட்டாள் சாந்தகுமாரி.

"ஃபேக்டரில வேலை."

"தட்டு வைக்கட்டுமா?"

"பசியில்ல சாந்தா."

அம்மை போட்டுப் படுத்திருந்தபோதுகூட ரசத்துக்கு அப்பளம் கேட்ட மனிதர் அவர். அதற்கு மேல் கேள்வி கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. அரைமணி நேரம் முன்னால்தான் அவளே "ஓவர்டைம்" என்று புளுகிவிட்டுப் போன இடத்திலிருந்து திரும்பியிருந்தாள்.

புளுகுக்குக் காரணம் இருந்தது. அவள் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். போன வருஷம் பிரமோஷன் பரீட்சை எழுதியபோது, ரிசல்ட் வருவதற்கு முன்பே அப்பாதுரை அல்சூரில் தங்கள் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்து, "எங்க வீட்ல இனிமே ஆபீசரு" என்று சொல்லிவிட்டார். புள்ளியியல் பேப்பரில் அவள் ஃபெயில். காய்கறிக்காரன் இன்றுவரை "ஆபீசரம்மா, கத்திரிக்காய் வேணுமா?" என்றுதான் கூப்பிடுகிறான். அதனால் இந்தத் தடவை வீட்டில் மூச்சு விடாமல் செவ்வாயும் வியாழனும் ஜீவனஹள்ளிக்கு டியூஷன் போனாள். தெரிந்தவர் யார் கண்ணிலும் படாமல் இருக்க, தலையைக் குனிந்தபடி மாடிப்படி ஏறுவாள், அப்படியே இறங்குவாள்.

மாடியில் ஹெர்பர்ட் மாஸ்டர். முப்பது வயது, சுருட்டை முடி, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. யார் என்ன சொன்னாலும் "வெரிகுட்" என்பார்.

"ரெண்டு விஷயத்துக்கு நடுவுல சம்பந்தம் இருக்கா இல்லையான்னு எப்படிப் பார்க்கறது? கட்டம் போடணும். ஒண்ணை இந்தப் பக்கம் எழுதுங்க, இன்னொண்ணை மேல எழுதுங்க. அப்புறம் ஒவ்வொரு வரிசையையும் அதோட மொத்தத்தால வகுக்கணும்" என்று அவர் சொல்லிக்கொடுத்த அன்றே, சாந்தகுமாரி தேங்காய் துருவிக்கொண்டே மனசுக்குள் கட்டம் போட்டாள்.

அவள் ஓவர்டைம் என்று சொன்ன நாள் எட்டு. அதில் அவர் லேட்டாக வந்தது ஏழு. மற்ற நாள் பன்னிரண்டு. அதில் லேட் ஒன்றே ஒன்று.

எட்டில் ஏழு. பன்னிரண்டில் ஒன்று. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குக் கணக்கு தானாகச் சரியாக வந்தது. துருவியைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

நான் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து எங்கேயோ போகிறார்! எட்டில் தப்பிய அந்த ஒரு நாள் மாஸ்டருக்கு ஜுரம். வகுப்பு இல்லையென்று அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பாதுரையும் வந்து நின்றார். நான் வந்துவிட்டது இவருக்கு எப்படித் தெரிந்தது?

சரி, நாளை மாற்றிப் பார்ப்போம் என்று மாஸ்டரிடம் கெஞ்சி, திங்கள், புதன் வகுப்புக்கு மாறினாள்.

"ஓவர்டைமை இனிமே திங்கள், புதன்னு மாத்திட்டாங்க" என்று வீட்டில் சொன்னாள்.

"ஓஹோ. அப்படியா?" என்றார் அப்பாதுரை, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே வந்துவிட்டார். வியாழனும் ஆறு மணி. திங்களும் புதனும் எட்டே கால்!

அவளுக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று. கடைசியில் கட்டத்தை ஒரு தாளில் எழுதி, ஓவர்டைம் என்ற இடத்தில் 'குடை', லேட் என்ற இடத்தில் 'மழை' என்று போட்டு மாஸ்டரிடம் நீட்டினாள்.

"வெரிகுட்! ரெண்டுக்கும் பலமான சம்பந்தம் இருக்கு மேடம். சும்மா தற்செயலா இப்படி வராது."

"நிச்சயமாவா சார்?"

"நிச்சயமா. ஆனா எதனால எது வந்ததுன்னு கட்டம் சொல்லாது. நீங்க குடை எடுத்துட்டுப் போறதாலதான் மழை பெய்யுதுன்னுகூட இதை வெச்சு வாதாடலாம்" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. 'நிச்சயமா' என்பதோடு அவள் காது அடைத்துப்போயிருந்தது.

ருசியால் கட்டிப்போடலாம் என்று அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையிலேயே எழுந்து ஆட்டுக்கறி வறுவல் செய்து வைத்தாள். ராத்திரி எட்டே காலுக்கு அப்பாதுரை அதை முகர்ந்து பார்த்து, பெருமூச்சு விட்டு, "நாளைக்கு சாப்பிடறேன் சாந்தா" என்றார். அவர் சட்டையில் எண்ணெய்ப் பலகார வாசனை அடித்தது. எவளோ சுடச்சுடப் பொரித்துப் போடுகிறாள்!

மறுநாள் காலை அவர் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னா இது புதுசா?"

"நரைச்சிருக்கு இல்ல? ஏன் சாந்தா, நான் ரொம்ப வயசானவன் மாதிரியா தெரியறேன்?"

குரல் லேசாக நடுங்கியது. ஆசையில் நடுங்குகிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் அன்றுதான் முழுசாகப் பிடித்துக்கொண்டது. பரீட்சையாவது மண்ணாவது. இந்த மனிதர் இல்லாத வீட்டில் ஆபீசராக இருந்து யாருக்கு என்ன?

புதன்கிழமை வகுப்பை விட்டுவிட்டு, அவர் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே ஆட்டோவில் உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு அப்பாதுரை ஓடிவந்து ஒரு பஸ்ஸில் தொற்றினார்.

"அந்த பஸ் பின்னாடியே போப்பா!"

"போலீஸாக்கா நீங்க?" என்றான் ஆட்டோக்காரன் ஆசையாக.

"வாய மூடிட்டு ஓட்டு."

"ஸ்வல்ப கெட்டியா புடிச்சிக்கோங்க" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு அவன் சந்து சந்தாக வளைத்தான்.

பஸ் ஜீவனஹள்ளியில் நின்றது. அப்பாதுரை இறங்கினார். அவள் வகுப்புக்கு நடக்கும் அதே தெருவில் திரும்பினார். ஹெர்பர்ட் மாஸ்டர் வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்று மாடியையே பார்த்தார்.

சாந்தகுமாரி மளிகைக்கடை மறைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடி ஜன்னலில் சுப்ரியா தெரிந்தாள். கூடப் படிக்கும் பெண், இருபத்திரண்டு வயது, ரோஜாப்பூ நிறச் சுடிதார். அடிப்பாவி! பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து என்னிடமே பேனா கடன் வாங்கினாயே!

அப்பாதுரை ஒவ்வொரு நிமிஷமும் தெருமுனையைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் போகப் போக அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஆறரை மணிக்கு மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, பல் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து இரண்டு மாசமாகிறது. பிறகு அவர் டீக்கடைக்காரர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சீட்டியடித்தபடி பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போனார்.

சாந்தகுமாரி தெருவைக் கடந்தாள். எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, மயக்கமா? டீ போடவா?" என்றார் டீக்கடைக்காரர்.

"இப்ப போனாரே, அவரு... அவரு யாரைப் பாக்க வராரு?"

"அவரா? பாவம்மா. வாரத்துல ரெண்டு நாளு வந்து, யாராச்சும் பாத்துடுவாங்களோன்னு பயந்து பயந்து நாலு போண்டா துன்னுட்டு நிப்பாரு. அவரு சம்சாரம் ஓவர்டைம்னு புளுகிட்டு அந்த சுருட்டை முடி மாஸ்டரைப் பாக்க இந்த மாடிக்கு வருதாம், இன்னிக்கு அது வரலன்ற சந்தோஷத்துல எனக்கே ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போறாரு!"