ஒரே ஒரு தடவை அளந்து பேசிய பாவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஊர் உலகத்து ரத்தத்தையெல்லாம் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து அதற்கு ஜாதகம் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் லேப் மகாராணி, என் அக்காள் பெற்ற ஒற்றை முத்து, செல்வி இலக்கியாவின் சமூகத்துக்கு, ஜேடர்பாளையம் அணைக்கட்டோரம் குடியிருக்கும் உன் தாய்மாமன் தங்கசாமி, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொள்வது. காவிரியில் தண்ணீர் போகிறது. தென்னை காய்க்கிறது. உன் அத்தை குஞ்சம்மாள் என்னை வேளை தவறாமல் திட்டுகிறாள். ஆகவே இங்கு என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

நீ என் போனை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய மன்னிப்புகள் அத்தனையும் ஒற்றை டிக்கோடு, டோல்கேட்டில் மறித்த லாரிகள் மாதிரி வரிசையில் நிற்கின்றன. அதனால்தான் தபால். கடிதத்தை பிளாக் பண்ண இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. கிழித்துப் போடலாம், கிழிக்கும்போதாவது நாலு வரி கண்ணில் படாதா என்றுதான் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

என் வாய் எப்படிப்பட்ட வாய் என்று உனக்குத் தெரியும். முப்பது வருஷம் ரிக் வண்டியோடு ஏழு மாநிலம் சுற்றி ஆழ்துளைக் கிணறு போட்ட வாய். ஐநூறு அடி இறக்கியும் வெறும் புழுதி மட்டும் பறந்தால், பக்கத்தில் நிற்கும் தோட்டக்காரன் மனசு உடையக் கூடாதே என்று, "புழுதியில ஒரு குளுமை தெரியுதுங்க" என்று சொல்லியே பழகிய வாய். அந்த வாய்தான் போன தை மாசம் ராசிபுரத்திலிருந்து உன்னைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம், "எங்க புள்ள ஒரு சொட்டு ரத்தத்தை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாப் போதுமுங்க, அந்த ஆளு போன வாரம் எந்தக் கடையில என்ன குடிச்சான்னு சொல்லிப்போடும்" என்று பெருமை அடித்தது. அந்த வீட்டுப் பெரியவருக்குச் சாயங்காலப் பழக்கம் ஒன்று உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? போனவர்கள் போனவர்கள்தான்.

அந்த இடம் போனதில் உனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த சிவபிரகாஷ் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஜலகண்டாபுரத்திலிருந்து அம்மாவுக்குச் சுகர் பார்க்க வந்த பிள்ளை, அம்மாவுக்குச் சுகர் இறங்கிய பிறகும் மாசா மாசம் வந்து தன் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறது என்றால், அது சுகருக்காக அல்ல என்று எனக்கும் புரியும். அவர்கள் வீட்டிலிருந்து விசாரிக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் நீ போன் போட்டுச் சொன்னாய்:

"மாமா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இந்தத் தடவை ஒண்ணும் அளந்து உடாதீங்க. ஒரே வார்த்தை. நார்மல்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க."

"அது என்ன சாமி, அவ்வளவு சின்ன வார்த்தை?"

"சின்ன வார்த்தையா? தினமும் இருநூறு பேருக்கு அதைத்தான் அடிச்சுக் குடுக்கறேன். படிச்சதும் அங்கேயே கண்ணுல தண்ணி விடறாங்க. அதை விடப் பெரிய வார்த்தை இல்லீங்க மாமா."

நான் சத்தியம் பண்ணினேன். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியதுதான் என் வாழ்நாளில் நான் செய்த ஒரே குற்றம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பாவாயி டீக்கடைக்கு இருவர் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா முருகானந்தம், அவர் சம்சாரம் உஷாராணி. தென்னந்தோப்பு விலைக்கு வருகிறதாமே என்று ஆரம்பித்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத துணியில் வந்து ஒரு டீயை முக்கால் மணி நேரம் குடிப்பவர்கள் தோப்பு வாங்க வந்தவர்கள் அல்ல என்று அங்கே படுத்திருந்த நாய்க்கே தெரியும். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். நான் உன் மாமன் என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு பக்கமும் தெரியாத மாதிரி தோப்பையே சுற்றிச் சுற்றி வருவதுதான் முறை. நானும் முறை தவறாமல் சுற்றினேன்.

"டீ பரவாயில்லீங்களா இங்க?" என்றார் முருகானந்தம்.

"என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? டாக்டர் நாள் குறிச்ச ஒருத்தர் இந்த டீயைக் குடிச்சுட்டுப் பதினஞ்சு வருசம் இருந்தாருங்க. கடைசியில டாக்டர்தான் முந்திக்கிட்டாரு."

"அணைக்கட்டு மீனு?"

"சட்டியில போட்ட பொறவும் ரெண்டு சுத்து நீந்துமுங்க."

அவர் சிரித்தபடி நாயைக் காட்டினார். நானா விடுவேன்? "அது காத்துல மூக்கைத் தூக்கினா மேட்டூர்ல எத்தனை அடி தண்ணி நிக்குதுன்னு வால்ல ஆட்டிக் காட்டுமுங்க" என்றேன். அந்த அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முருகானந்தம் மெதுவாகக் கேட்டார்:

"இந்த ஊருப் புள்ள ஒண்ணு சேலத்துல லேப்புல வேலை செய்யுதாமே. அது எப்படிங்க?"

இலக்கியா, என் நாக்குக்குப் பின்னால் காவிரி கரை புரண்டு நின்றது. நீ மூன்று வயசில் என் ஹெல்மெட்டில் பொன்வண்டு வளர்த்தது முதல் சொல்வதற்கு என்னிடம் ஆயிரம் இருந்தது. உன் முகத்தை நினைத்தேன். ஒவ்வொரு மதகாக இழுத்து மூடினேன்.

"நார்மலுங்க."

பாவாயி டீ ஆற்றுவதை நிறுத்தினாள். நாய் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"நார்மலுங்களா?" என்றார் உஷாராணி. "இப்ப நார்மலுங்களா, இல்ல மொதல்ல இருந்தே நார்மலுங்களா?"

"எப்பவுமே நார்மலுங்க."

"மாத்திரை கீத்திரை ஏதாச்சும்..."

"மாத்திரை இல்லாமயே நார்மலுங்க!"

வியர்த்துவிட்டது எனக்கு. பாவாயிக்குப் பொறுக்கவில்லை. "அட, தங்கமான புள்ளைங்க. இந்த மனுசனுக்குத்தான் இன்னைக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். கேட்க யார் இருக்கிறார்கள்? வண்டியை எடுக்கும்போது முருகானந்தம் சம்சாரத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நாய்க்கு மேட்டூரு வரைக்கும் போன மனுசன், சொந்தத்துப் புள்ளைக்கு ஒத்தை வார்த்தையில நிக்கறாருன்னா, உள்ள என்னமோ இருக்குது உஷா."

அன்று சாயங்காலமே உன் அப்பாவுக்குப் போன் வந்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். பார்த்துவிட்டு யாரும் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

சும்மா இருந்திருக்கலாம். புதன்கிழமை அணைக்கட்டு மீன் வறுத்து ஒரு தூக்குப்போசி நிறையக் கட்டிக்கொண்டு, நேரில் விளக்கிவிட்டு வருவோம் என்று ஜலகண்டாபுரத்துக்குக் கிளம்பினேன். வழி முழுக்க அந்த வார்த்தை எனக்கு முன்னால் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தது. திருச்செங்கோட்டில் கண்டக்டர், "இது நார்மல் வண்டிங்க பெரியவரே, எல்லாப் பக்கமும் நிக்கும்" என்று ஏதோ ஏழைக்கு இரங்குகிற மாதிரி சொன்னார். எடப்பாடியில் டீக்கடைக்காரர், "ஸ்பெசலா, நார்மலா?" என்று கேட்டு, நான் நார்மல் என்றதும் டம்ளரைக் கழுவுவதைப் பாதியில் நிறுத்திவிட்டார். பக்கத்து சீட்டில் ஒரு தாய், பையனின் மார்க்கைக் கேட்ட தங்கச்சியிடம் போனில், "எல்லாம் நார்மல்தான்டி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. இத்தனைக்கும் நடுவில் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு மணி நேரம் நின்றேன். நர்ஸம்மா கதவைத் திறந்து அந்த ஒற்றை வார்த்தையைத்தான் சொன்னது. நான் அழுதுகொண்டே ஓடிப்போய் ஒரு டின் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி, பல் பிடுங்கிக்கொண்டு வந்தவனுக்குக்கூடக் கொடுத்தேன். அன்றைக்கு அதற்கு மேல் பெரிய வார்த்தை எனக்கும் தெரியாது.

இதைத்தான் அவர்களிடம் சொல்ல நினைத்தேன். ஆனால் அவர்கள் வீட்டுக்குள் இருபது விசைத்தறி ஒரே சமயத்தில் ஓடுகிறது. நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை. முருகானந்தம் காதில் கை வைத்து, "என்னதுங்க?" என்றார். கொஞ்சம் கத்தினேன். "ஆங்?" என்றார். மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து, ரிக் வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரலில், "எங்க புள்ளைக்கு எந்தக் கோளாறும் இல்லீங்க!" என்று நான் கத்திய அதே நொடியில் கரண்டு போனது. அந்த வீட்டுத் தறி நின்றது. அந்தத் தெருவில் இருந்த அத்தனை தறியும் நின்றன. ஜலகண்டாபுரம் உண்டான நாளிலிருந்து அங்கே அப்படி ஓர் அமைதி நிலவியிருக்காது. மொட்டை மாடியில் துணி உலர்த்தியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மீன் போசியைத் திண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். போசியைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. உன் அத்தை அதற்கும் சேர்த்துத் திட்டுகிறாள்.

சாமி, அந்த வார்த்தை மேல் ஒரு தப்பும் இல்லை. நீ அடித்துக் கொடுத்தால் அதற்கு மதிப்பு, ஏனென்றால் நீ யாருக்கும் அதைக் கூட்டியோ குறைத்தோ அடிப்பதில்லை. தப்பு என் வாயில். முப்பது வருஷமாக டீக்கும் நாய்க்கும் மீனுக்கும் ஆளுயர மாலை போட்டுவிட்டு, உனக்குப் போட வேண்டிய அன்று வெறுங்கையோடு நின்றேன். இன்றோடு இந்த வாய்க்குப் பூட்டு. இனி மழை பெய்தால் மழை என்பேன், அவ்வளவுதான். உன் கல்யாணம் எங்கே எப்போது நடந்தாலும், தாய்மாமன் சீர்த் தட்டை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு, பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். ரசம் எப்படி என்று யாராவது கேட்டால்கூட வாயைத் திறக்க மாட்டேன்.

நீ நூறாண்டு இரு. உன் கை குத்தும் ஊசி யாருக்கும் வலிக்காமல் இருக்கட்டும். அம்மாவுக்கு என் வணக்கம். அப்பாவுக்கு, அவர் ஏற்றுக்கொள்கிற அளவுக்கு வணக்கம்.

தலை குனிந்த மாமன்,
தங்கசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்ட பாவாயி கடையில் சோற்றுப் பருக்கை கேட்கப் போனேன். அங்கே பெஞ்சில் சிவபிரகாஷ் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் நம் தூக்குப்போசி! விளக்கி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து விரித்தார். ஒன்பது தாள், ஒன்பதிலும் உன் லேப் முத்திரை. "உங்க அக்கா புள்ள எனக்கு ஒம்பது தடவை அடிச்சுக் குடுத்த வார்த்தைங்க மாமா அது. பெரியப்பா முன்னாடி வெச்சுக் காட்டினேன். நம்மூட்டுல, பெரியப்பா, நீங்க உட்பட ஒருத்தரும் நார்மல் இல்லீங்க, ஒருத்தராச்சும் வரட்டும்னு சொன்னேன். பெரியம்மா சிரிச்சுப்போட்டாங்க. மீனு வேற நல்லா இருந்துச்சு" என்றார். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள் சாமி! கிளம்பும்போது, "நிஜமா அவங்க எப்படிங்க மாமா?" என்று கேட்டார். பூட்டைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடு. பொன்வண்டில் ஆரம்பித்தேன். நீ ஊசியைக் காட்டினாலே கிருமிகள் தாமாக வரிசையில் வந்து நிற்கும் என்கிற இடத்தில் அவர் எழுந்து, "போதுங்க மாமா, நார்மலே போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். சீர்த் தட்டை நானே தூக்குகிறேன். நூற்றியெட்டுத் தட்டு, முன்னால் ரிக் வண்டி. வெள்ளிக்கிழமை அந்த உஷாராணி அம்மாள் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க மாமன் எப்படிம்மா என்று கேட்டால் மட்டும், என் கண்ணல்லவா, நார்மல் என்று ஒரு பொய் சொல்லிவிடு.