காலியாக வராத பெட்டி

காலையில் மஹீன் கொடுத்தனுப்பிய பெட்டி மத்தியானமே திரும்பி வந்துவிட்டது. சும்மாவும் வரவில்லை, போனதைவிடக் கனமாக வந்திருந்தது.

"ஆறு பொம்மை குடுத்தேன். நீங்களே எண்ணிப் பாருங்க, ஒன்பது இருக்கு!" என்று அதைக் கணவர் ஹூஷங்கின் காலடியில் தொப்பென்று வைத்தாள்.

ஹூஷங் செய்தித்தாளை இரண்டு அங்குலம் தாழ்த்தி எட்டிப் பார்த்தார். மூன்று சக்கரத்தோடு ஒரு லாரி, தலையில்லாத சிப்பாய், கிழிந்த மேளம், ஒரு கையுறைக்குள் பாதி சதுரங்கக் காய்கள்.

"ரெண்டாம் மாடி ஷஹ்லா அம்மா வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்புவாங்களா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மரியாதைக்கு ரெண்டு ஆரஞ்சு வெச்சு அனுப்பலாமே! ஒரு பிடி பிஸ்தா போடலாமே! தலையில்லாத சிப்பாயா மரியாதை?"

செய்தித்தாள் மறுபடி மேலே ஏறிக்கொண்டது.

மஹீன் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். வசந்தப் புத்தாண்டுக்கு இன்னும் பத்தே நாள். ஷிராஸ் நகரமே வீட்டை உதறிக் கழுவிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் உதவித் தலைமையாசிரியையாக ஊர்ப் பிள்ளைகளை மேய்த்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். இத்தனை வருடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அவளுக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. இப்போது சேத்தார் என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. "தனி அறை இருந்தா வர்றேன். டிவி பக்கத்துல உக்காந்து என்னால சொல்லித்தர முடியாது" என்று வாத்தியக்கார அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். இருக்கும் ஒரே சின்ன அறையிலோ கூரை வரைக்கும் பிள்ளைகளின் பொம்மைகள்.

பெரியவன் தப்ரீஸில், சின்னவன் அஹ்வாஸில். இருவரையும் தொலைபேசியில் கேட்டாள்.

"எனக்கு வேணாம்மா. ஆனா தூக்கிப் போட்டுடாத" என்றான் பெரியவன். சின்னவனும் ஒரு எழுத்து மாறாமல் அதையே சொன்னான்.

"வேணாமாம், போடவும் கூடாதாம்! அப்ப நான் என்ன, அருங்காட்சியகமா நடத்தறேன்?"

பெட்டி கொடுத்தால்தானே நிரப்பி அனுப்புவார்கள்? மறுநாள் பெட்டியே இல்லாமல், ஏழு பொம்மைகளை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினாள். அங்கே அர்தலான் என்று ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி இருந்தார். வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"ஐயோ, இவ்வளவு நல்ல பொருளை நான் எப்படி வாங்கிக்கறது?"

"உங்க பேரனுக்கு."

"வேண்டாங்க, டீச்சரம்மா."

"நீங்க வாங்கிக்கலைன்னா என் மனசு சங்கடப்படும்."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

மரியாதைப்படி மூன்று முறை மறுத்துவிட்டு, நான்காவது முறை வாங்கிக்கொண்டார். மஹீன் துள்ளாத குறையாகப் படியேறினாள்.

சாயங்காலம் அர்தலான் ஒரு பெரிய செப்புத் தாம்பாளத்தோடு வாசலில் நின்றார். மேலே பூத்துணி போர்த்தியிருந்தது. குங்குமப்பூ போட்ட பாயசமாக இருக்கும் என்று மஹீன் மலர்ந்த முகத்தோடு வாங்கித் துணியை விலக்கினாள். உள்ளே பதினொரு பொம்மைகள். ஒரு கரடிக்கு வயிறே இல்லை.

"உங்க அன்புக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

இப்போது தாம்பாளம் அவருடையது. அதை வெறுமையாகத் திருப்பித் தர முடியுமா? மறுநாள் முழுக்க மஹீன் பல்லைக் கடித்துக்கொண்டு கடலைமாவு பிஸ்கெட் சுட்டாள். வீடு கழுவுவது அப்படியே நின்றது.

"வயிறில்லாத கரடிக்கு நாலு தட்டு பிஸ்கெட்! கேட்டுச்சா உங்களுக்கு?"

"மணக்குது" என்றார் ஹூஷங்.

அதற்கும் அடுத்த நாள் மானத்தை மூட்டை கட்டிவிட்டு, இரண்டு சாக்குகளைத் தெருக்கோடிக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். அரை மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. காவலாளி ரஜப் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"யாரோ உங்க சாமானைக் கொண்டுபோய்த் தெருவுல வெச்சுட்டாங்கம்மா! நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு."

"ரொம்ப நன்றி, ரஜப்" என்றாள் மஹீன். சாக்குகளை மறுபடி உள்ளே இழுத்துப் போட்டாள்.

"நாலு மாடி ஏறி வர்றேன், வெறுங்கையோட வரலாமா? இதையும் வெச்சுக்குங்க." மூன்றாவதாக ஒரு சாக்கை உள்ளே தள்ளினார்.

வெள்ளிக்கிழமை காலை, "பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக்!" என்று ஒலிபெருக்கி கத்த, பழைய சாமான் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. மஹீன் ஹூஷங்கின் கையிலிருந்து செய்தித்தாளைப் பிடுங்கி எறிந்தாள். இருவருமாக ஐந்து சாக்குகளைக் கீழே இழுத்து வந்தார்கள்.

வண்டிக்காரர் முதல் சாக்கைத் தூக்கியதுதான் தாமதம், ஷஹ்லா ஜன்னலிலிருந்து, "ஐயையோ, மஹீன் அம்மா, பொம்மையெல்லாம் எங்க போகுது?" என்று கூவினாள். அடுத்த நிமிடம் கட்டடமே கீழே வந்து நின்றது. ஷஹ்லா, அர்தலான், துடைப்பத்தோடு ரஜப்.

வேறொரு நாளாக இருந்தால், "வெயில்ல காயட்டும்னு கொண்டாந்தேன்" என்று சிரித்து மழுப்பியிருப்பாள். இன்று உள்ளே என்னவோ அறுந்துவிட்டது.

"எங்க போகுதா? போக வேண்டிய இடத்துக்குத்தான் போகுது! நாலு நாளா பாக்கறேன். உங்க வீட்டுக் குப்பையெல்லாம் மரியாதைங்கற பேர்ல என் வீட்டுல கொட்டறீங்க! புத்தாண்டுக்குள்ள எனக்கு அந்த அறை காலியாகணும். முப்பது வருஷம் கழிச்சு ஒரே ஒரு அறை கேக்கறேன், அதுலயும் உங்க சிப்பாய், உங்க கரடி! என் பிள்ளைங்க ஒரு பொம்மையை உடைச்சதுண்டா? ஒரு சக்கரம் இல்லாத லாரி என் வீட்டு வாசப்படி ஏறியிருக்கா? படிச்சவங்க செய்யற வேலையா இது?"

வண்டிக்காரர் சாக்கைத் தோளில் வைத்தபடியே நின்றார். ஷஹ்லா முகம் சிவந்து அர்தலானைப் பார்த்தாள். ரஜப் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஹூஷங் மட்டும் கீழே எதையோ தவறவிட்டவர் போலக் குனிந்து தேட ஆரம்பித்தார்.

கடைசியில் அர்தலான்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"கோவிச்சுக்காதீங்க, டீச்சரம்மா. நீங்க பள்ளிக்கூடம் போன நேரத்துல உங்க பிள்ளைங்க மேலேருந்து எங்க தலையில எறிஞ்சதுதான் இதெல்லாம். கொண்டுவந்து குடுத்தா குத்தம் சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு, உங்க வீட்டுலேர்ந்து ஒரு பெட்டி வராதான்னு இருபத்தஞ்சு வருஷமா பத்திரமா வெச்சுக்கிட்டுக் காத்திருந்தோம்."