சம்பந்திக்குப் போன மணல் படம்

குனோங் ராபாட், ஈப்போ
புதன்கிழமை காலை

அன்புள்ள மச்சான் சுகுமாருக்கு,

அத்தான் ஸ்கந்தராஜா எழுதுவது. நானும் உங்கள் அக்கா புஷ்பராணியும் மகள் கௌசிகாவும் பூரண நலம். நலமில்லை என்று பத்து காஜா சம்பந்தி வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடிதம் எழுதும் காலமா இது என்று கேட்பீர்கள். என் கைப்பேசியை அக்கா பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

நில அளவை இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. "கடற்கரைக்குப் போய்ப் படம் எடுங்கப்பா" என்று கௌசிகாதான் சொன்னாள். மனிதர்களை எடுத்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், அதனால் மணலை எடுக்கத் தொடங்கினேன். தெலுக் பாத்திக்கில் நீர் வற்றும் நேரம் போனால், அலை விட்டுப்போன வரிகள், பட்டாணி அளவு நண்டுகள் உருட்டி வட்டம் வட்டமாக வைத்த மணல் உருண்டைகள், முப்பது வருடம் வரைபடம் வரைந்த என் கை அப்படியொரு கோடு போட்டதில்லை. போன சனிக்கிழமை அதைக் கிட்டத்தில் எடுக்கக் குப்புறப் படுத்தேன், அசைந்தால் நண்டு ஓடிவிடுமென்று மூச்சையும் அடக்கினேன், நடக்க வந்த ஒரு மலாய்க்கார அம்மா "பாக்சிக், சாகிட் கா?" என்று உடம்புக்கு என்னவென்று கேட்டார், நான் வாய் திறக்கவில்லை, அவர் கூட்டத்தைக் கூட்ட, நான்கு பேர் என்னைப் புரட்டிப் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்து, நண்டுகள் காலையெல்லாம் போட்ட கோலத்தை மிதித்துத் துவைத்துவிட்டார்கள்.

அந்த ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து, கைப்பேசியில் இருந்ததில் நல்லதாக ஒன்றை, சம்பந்திகளையும் சேர்த்து வைத்திருக்கும் நம் குடும்பக் குழுவில் போட்டேன். சிவப்பும் பழுப்புமாக வட்டங்கள், ஓரம் செதில் செதிலாக. தலைப்பு வைக்கவில்லை, பார்ப்பவர் மனதுக்குத் தோன்றுவது தோன்றட்டும் என்று விட்டேன். கௌசிகாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை பவித்ரனின் அம்மா சாந்தினி முப்பத்தைந்து வருடம் தோல் வார்டில் தாதியாக இருந்தவராம். ஐந்தாவது நிமிடம் அக்காவுக்கு போன். "கோவிச்சுக்காதீங்க அக்கா, அண்ணனுக்கு இது எத்தனை வருஷமா இருக்கு? பரம்பரையா வாரதா?" அக்கா பதறிப்போய், "அது மணல் லா, இவரு மணலைத்தான் எடுப்பாரு" என்றிருக்கிறாள். "சரி சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை நாள் குறிக்க வாரதைப் பத்தி வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்" என்று அந்த அம்மா வைத்துவிட்டார். இன்றோடு நாலு நாள். ஒரு தகவலும் இல்லை. கௌசிகா வேலைக்குப் போகிறாள், வருகிறாள். பிள்ளைக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, மச்சான். இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் ஏழு தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

ஆகவே, சம்பந்தம் பேசியவர் என்ற முறையில் நீங்கள் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், அது மணல், வெறும் மணல், எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் தேமல்கூட வந்ததில்லை என்று நான் சத்தியம் செய்வதாகச் சொல்ல வேண்டும். மணலுக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாதவர் முப்பத்தைந்து வருடம் யாரைக் குணப்படுத்தினார் என்றும் பக்குவமாகக் கேட்கவும்.

உங்கள் வீட்டில் அனைவரையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு முருகன் எந்நாளும் துணையிருப்பான்.

இப்படிக்கு,
அத்தான்
ஸ்கந்தராஜா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அக்கா மனமிரங்கிக் கைப்பேசியைத் தந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மணலில் முடி முளைத்திருக்கிறது. குனிந்து பார்க்க முடியவில்லையென்று போன வாரம் நானே எடுத்த என் இடது கெண்டைக்கால் அது. மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தைத் தவிர மற்றதை விட்டுவிடவும். சாந்தினி அம்மாவிடம் மரியாதையாகப் பேசி, இதற்குப் போடும் களிம்பின் பெயரை மட்டும் கேட்டு வாங்கவும். என் அப்பாவுக்குக் கடைசிவரை அந்தக் களிம்பு கிடைக்கவே இல்லை.