ரேடியோ முசியேயும் நான் சும்மா இருந்த மூன்று வருடங்களும்

புதுச்சேரியில் யாருக்கும் தெரியாத ரகசியம் ஏதாவது மிச்சமிருந்தால், அது இன்னும் ரேடியோ முசியேயிடம் டைப் அடிக்க வரவில்லை என்று அர்த்தம்.

நீதிமன்றத்துக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து பிரமாணப் பத்திரம் தயாரித்துக் கொடுப்பவர் அவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பிரெஞ்சுப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தவர் என்பதால் முசியே, பிரெஞ்சில் ஐயா. ரேடியோ எதனால் என்பது அவர் வாயைத் திறந்ததும் விளங்கிவிடும். மற்றவர்கள் டைப் அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டுவார்கள். முசியேவுக்கு அது பாவம். சத்தியம் என்பது காதில் விழ வேண்டிய பொருள் என்பது அவர் கொள்கை. பத்திரம் தயாரானதும் எழுந்து நிற்பார். நம்மையும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்வார். "சிலான்ஸ்" என்பார். தெரு அடங்கும். பிறகு முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை வாசிப்பார். கடற்கரையில் காற்று வாங்குகிறவர்களுக்குக்கூட நம் அப்பா பெயர், கதவு எண் எல்லாம் தெரிந்துவிடும். முடித்ததும், "ஆட்சேபணை உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். ஒரு ஆட்சேபணை வந்தாலும் பத்திரம் குறுக்கே கிழியும்.

ஒருமுறை ஒருவர், ஓட்டுநர் உரிமம் பேருந்தில் தொலைந்துவிட்டது என்று எழுதித் தரச் சொன்னார். முசியே மூன்றாவது முறை ஆட்சேபணை கேட்டபோது எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல், "அது எங்க வூட்டு பீரோவுல கெடக்குது மச்சான், நீதானே வச்சிட்டுப் போன" என்றது. இன்னொரு நாள் ஒரு பெண் பெயர் மாற்றிக்கொள்ள வந்தார். வேலை முடிந்து அவர் ஜெராக்ஸ் எடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில், கணவர் பழைய பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு வந்தார். "பதினொன்றே காலிலிருந்து அப்படி யாரும் கிடையாது முசியே" என்று ரேடியோ முசியே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மனிதர் அழுதுகொண்டே காவல் நிலையம் வரை போய்விட்டாராம்.

இவ்வளவும் தெரிந்திருந்தால் நான் வேறு ஆளிடம் போயிருப்பேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். வீராம்பட்டினத்தில் அப்பா கடலுக்குப் போகிறார், அம்மா மீன் விற்கிறார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய திமிரில் பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்தேன். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். புரியவில்லை என்று கை தூக்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மூன்று வருடம் தலையை ஆட்டியே உட்கார்ந்திருந்தேன். முடிவில் நாற்பத்தெட்டு புள்ளி ஆறு சதவீதம், மூன்றாம் வகுப்பு. வீட்டில் முதல் வகுப்பு என்று சொல்லிவிட்டேன். அம்மா அன்று கூடை மீனில் பாதியைத் தெருவுக்குச் சும்மா கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன். பல் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வந்துவிட்டது. சான்றிதழ் சரிபார்க்கும் நாளுக்கு, பிளஸ் டூவுக்குப் பிந்தைய வருடங்களுக்கு விளக்கம் சொல்லும் பத்திரம் வேண்டும் என்றார்கள். நாற்பத்தெட்டு புள்ளி ஆறை மேசைமேல் வைத்தால், இதுவா பல் பிடுங்கப்போகிறது என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கல்லூரியையே இல்லாமல் ஆக்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

பெற்றோரில் ஒருவரும் ஒப்பமிட வேண்டும். காலேஜுக்கு ஒரு காகிதம் என்று மட்டும் சொல்லி, காலை வியாபாரம் முடித்த அம்மாவைக் காலிக் கூடையோடு அழைத்துப் போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது. முசியே வாசிப்பார் என்பதுதான் கணக்கில் இல்லை.

என்னை மத்மசேல் என்றும் அம்மாவை மதாம் என்றும் அழைத்து நிற்க வைத்தார். அம்மா தனக்குப் பின்னால் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தார்.

நான்கு வருடங்களாக நான் எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேரவில்லை, வீட்டில் சும்மா இருந்தேன், தாயாரின் மீன் வியாபாரத்துக்கு உதவியாக இருந்தேன் என்று முசியே முழங்கினார். கடைசியாகச் சொன்னது என் சொந்தக் கற்பனை. சும்மா என்பது வெறுமையாக இருக்கிறதே என்று சேர்த்திருந்தேன்.

"ஆட்சேபணை உண்டா?"

அம்மா கூடையைக் கீழே வைத்தார். "என்னாடி சொல்றாரு இவரு? என்னைக்காவது ஒரு நெத்திலி ஆய்ஞ்சு குடுத்திருப்பியா நீ?"

டீக்கடை சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அது சும்மா ஒரு ஃபார்முக்கு, ரேகையை வைம்மா என்றேன். அம்மா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"மூணு வருசம் காலைல மீன எறக்காம ஒன்ன பஸ்ஸு ஏத்தி உட்டுட்டுத்தான் போனேன். எம்பொண்ணு காலேஜி போவுதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். போவவே இல்லன்னு எங்கிட்டயே ரேக கேக்குறியா?"

மதிப்பெண் பட்டியலைப் பார்த்த நாளில் நான் பட்ட வெட்கம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அந்த மூன்று கல்லூரி வருடங்களும் என்னுடையவை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

முசியே எனக்கு அறிவுரை சொல்லவில்லை. அம்மாவைச் சமாதானப்படுத்தவும் இல்லை. ஆட்சேபணை பதிவானது என்று அறிவித்துவிட்டுப் பத்திரத்தைக் கிழித்தார். பிறகு உட்கார்ந்து, "சொல்லுங்க மத்மசேல், எந்தக் காலேஜ், என்ன பட்டம்?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் விடவில்லை. பட்டம் என்று போட்டால் வகுப்பும் போட வேண்டும், சதவீதமும் போட வேண்டும், அரைகுறைப் பத்திரம் தன் கையிலிருந்து போகாது என்றார். கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் மதிப்பெண் பட்டியலைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பைப் பிரிக்காமலே கொடுத்தேன்.

மறுபடி எழுந்தார். மறுபடி சிலான்ஸ். தெருவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. என் பெயர், அப்பா பெயர், கல்லூரி எல்லாம் கடற்கரை வரை போயின. அடுத்த வரியில் அவர் எங்கள் இருவர் பக்கமும் குனிந்தார். உதடு மட்டும்தான் அசைந்தது. "மூன்றாம் வகுப்பு. நாற்பத்தெட்டு புள்ளி ஆறு."

"என்னா முசியே, சவுண்டு வரல?" என்றார் டீக்கடைக்காரர்.

"கரண்டு போயிடுச்சி. ஒன் டீய ஆத்து."

அம்மா என்னைப் பார்த்தார். முதல் வகுப்பு என்று நான் சொன்னதை அவர் மறந்திருக்க வழியில்லை. முசியேயிடம்தான் கேட்டார்.

"அது பாஸுதானே?"

"பாஸ்தான் மதாம்."

"அப்பறம் என்னா? குடுங்க."

கட்டைவிரலை மையில் ஒற்றி, தேவைக்கு மேலேயே அழுத்தி வைத்தார். திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டார். வீராம்பட்டினம் வரை நான் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரிபார்ப்பு மேசையில் முதலில் கேட்டது, கடைசியாகப் படித்த இடத்தின் டி.சி. பள்ளி டி.சி.யைக் கல்லூரியில் சேரும்போதே கொடுத்தாகிவிட்டது. சும்மா இருந்த பெண்ணாகப் போயிருந்தால் அந்த நாற்காலியிலிருந்தே எழுப்பி அனுப்பியிருப்பார்கள். கல்லூரி டி.சி.யை வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். நாற்பத்தெட்டு புள்ளி ஆறை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த அலட்சியத்தில்கூட எனக்குக் கொஞ்சம் அவமானம்.

இப்போது பல் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் டீக்கடைக்காரர், அன்றைக்கு என்ன மார்க்கு, இப்போதாவது சொல் பாப்பா என்று கேட்கிறார். முசியேயிடமும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாராம். ஊரையே உரக்க வாசித்த மனிதரின் வாயிலிருந்து இன்றுவரை அது வரவில்லை. அவர் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய எண்ணை இப்படி நானே அச்சில் ஏற்றிவிட்டேன். முசியே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.