பொட்டு வைத்த டப்பாக்கள்

டப்பாவிடம் பேசி, பதிலும் வாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். மரக்காணம் உப்பளத்தில் அவருக்கு டப்பா சார் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போட்டவர்களுக்கே மறந்திருக்கும்.

உப்பளமெங்கும் கம்பம் நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சென்சார் டப்பாவும் சின்ன சோலார் தகடும் மாட்டினார். ஓடையில் தண்ணீர் ஏறினால் ஒரு டப்பா அடுத்த டப்பாவுக்குச் சொல்லும். அப்படியே கைமாறி ஆபீசுக்கு வந்து, எல்லோர் போனிலும் மெசேஜாக விழும். கரையில் குவித்த உப்பை வெள்ளம் வருமுன் மேட்டுக்கு ஏற்றிவிடலாம். இதை அவர் விளக்கும் விதமே வேறு. "பெரியம்மா சித்திகிட்ட சொல்லுவா, சித்தி அத்தைகிட்ட சொல்லுவா. வீட்ல நடக்கறதுதான்." அந்தப் பெயர்களையே டப்பாக்களில் பெயின்டால் எழுதியும் வைத்தார்.

காலையில் அவரோடு ரவுண்டு போவது என் வேலை. ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று, "சாப்டியா?" என்பார். வெயில் கிடைத்ததா என்று அர்த்தம். சித்தி சிக்னல் தராத நாளில் அவருக்கும் சோறு இறங்காது. உப்பள ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம், டப்பாக்களையும் உங்கள் சொந்தச் சாமானாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவார். கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துவிட்டது.

ஆயுத பூஜை முடிந்த வாரம் மொத்தக் குடும்பமும் வாயை மூடிக்கொண்டது. கடல் மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கரையில் செல்வி அக்கா பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து விளைவித்த அந்த வருஷத்து உப்பு அத்தனையும் குவிந்து கிடந்தது. சார் சேற்றில் விழுந்தெழுந்து பெரியம்மாவிடம் ஓடினார். தகடு முழுக்கச் சந்தனம், நடுவில் அகலமாகக் குங்குமம், கழுத்தில் காய்ந்த சாமந்தி மாலை. எல்லாக் கம்பமும் அதே கோலத்தில் நின்றது. வெயில் எங்கிருந்து உள்ளே போகும்?

செல்வி அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உப்பு வாருற பலகைக்குப் பொட்டு வெச்சோம், மோட்டாருக்கு வெச்சோம். இதுங்களுக்கு மட்டும் வெக்காம எப்டி சார்? நீங்கதானே எங்க சாமான்னு சொன்னீங்க."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ சட்டையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதே சட்டையைக் கழற்றித் தகடுகளைத் துடைத்தார். "புள்ளைங்கள பட்டினி போட்டுட்டோம்பா" என்று வழியெல்லாம் புலம்பல் வேறு. மிச்சமிருந்த வெயிலில் டப்பாக்கள் ஒவ்வொன்றாக விழித்தன. பொழுது சாயுமுன் மெசேஜ் விழுந்தது. அக்காவின் உப்பு மேடேறிய பிறகுதான் ஓடை கரையைத் தாண்டியது.

மறு வருஷம் பூஜைக்கு அவரே குங்குமம் வாங்கி வந்தார். ஒவ்வொரு டப்பாவுக்கு அடியிலும் வட்டம் போட்டு, "நெத்தி இங்க இருக்குது" என்று காட்டிக்கொடுத்தார். அப்புறம் வேறு கடற்கரைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

இன்றும் மழைக்காலத்தில் பெரியம்மாவிடமிருந்து மெசேஜ் வந்தால், ஓட வேண்டிய நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். எந்தக் கம்பத்தடியில் நிற்கிறீர்களோ சார், சாப்டீங்களா?