லால்பாக்குக்கு வழி சொன்னவர்

போகாத ஊருக்கு வழி கேட்காதே என்று நம்முடைய முன்னோர் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்காமலே வழி சொல்கிற ஓர் இனம் இருப்பதை அவர்கள் யோசிக்கவில்லை. அந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோயில் திருவிழாவில் சாப்பாட்டு வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பார். விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லி வாய் மூடுவதற்குள், அங்கே எந்த வாசலால் நுழையவேண்டும், எந்தப் பக்கம் வெயில் விழாது, எந்தத் தெருவில் தோசை முறுகலாக இருக்கும் என்பதையெல்லாம் ஒப்பித்து முடித்திருப்பார். அவர் அங்கே போயிருக்கிறாரா? அதைக் கேட்பது மரியாதையில்லை.

புலம்பெயர்ந்து வந்து, வடகடலோர எஸ்பியர்க் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் தவராஜா இந்த இனத்தில் முதல் வரிசை ஆள். ஒரு மாரிகாலம் முதுகு பிடித்து ஆறு கிழமை வீட்டில் படுத்திருந்தார். வெளியே வடகடல் காற்று சன்னலை உலுக்கிக்கொண்டிருக்க, உள்ளே அவர் ஒரு வீடியோவைத் தொட்டார். அது இன்னொன்றைக் காட்டியது. அது வேறு பத்தைக் காட்டியது. முதுகு நேரானபோது பெங்களூர் அவர் கைக்குள் வந்திருந்தது. லால்பாக் தோட்டத்தின் நாலு வாசல்கள், அதன் கண்ணாடி மாளிகை, கப்பன் பூங்கா மூங்கில்கள், மகாராஜாவின் அரண்மனை, திப்புவின் கோடை மாளிகை மரத்தூண்கள் என்று ஒன்றும் மிச்சமில்லை.

காற்றாலை வேலைக்கு வந்த தமிழ்நாட்டு என்ஜினியர் முத்துக்கிருஷ்ணனை முதன்முதலில் சந்தித்த அன்றே, தவராஜா அவருக்குப் பெங்களூரை விளக்கினார். முத்துக்கிருஷ்ணன் பதினொரு வருடம் பெங்களூரில் இருந்தவர். மறுத்தாரா? எதை வைத்து மறுப்பார்? அந்தப் பதினொரு வருடமும் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே டிராபிக்கில் உட்கார்ந்திருந்தார். லால்பாக்கின் மதிற்சுவரைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. பவ்வியமாகக் கேட்டுக்கொண்டார்.

இதில் அகப்பட்டது தவராஜாவின் மனைவி தங்கமலர். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அந்த வீடியோக்களை அவளும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். பார்த்தவளுக்கு, ஆயுளில் ஒருதரம் அந்தத் தோட்டத்தில் கால் வைக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் கேட்டாள். ஒவ்வொரு வருடமும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். “அதுதான் பாத்தாச்சே.”

ஒன்பதாவது வருடம், இல்லத்தில் கூட வேலை செய்யும் அஜந்தினி தன் அக்கா மகனின் கலியாணத்துக்கு ஆவணியில் பெங்களூர் போகப் புறப்பட்டாள். தங்கமலர் இந்த முறை கணவனைக் கேட்கவில்லை; விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, தானும் கூடப் போவதாகச் சொன்னாள். தவராஜா ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் நாலு பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுத்தார்.

தங்கமலர் அஜந்தினியோடு லால்பாக் போனபோது எஸ்பியர்க்கில் காலை ஏழரை மணி. தவராஜா தேத்தண்ணியோடு வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு தொலைபேசியில் மனைவியை நடத்தினார். மேற்கு வாசலால் வந்தாளா? வந்தாள். தண்ணீர்ப் போத்தல் எடுத்தாளா? எடுத்தாள். பிறகு, வலப்பக்கத்தில் என்னவோ கண்டு அவள் நின்றுவிட்டாள்.

“இஞ்ச ஒரு மரம் நிக்குதப்பா,” என்றாள்.

“மரம் மூண்டாம் பக்கத்தில வருது. முதல் கண்ணாடி மாளிகைக்குப் போ.”

தங்கமலர் மரத்தைப் பார்த்தாள். அதன் வேர்கள் அவளுடைய தோளுயரத்துக்குச் சுவர்போல எழுந்து நின்றன. இரண்டு வேர்களுக்கு நடுவில் ஓர் ஆள் சாய்ந்திருக்கக்கூடிய இடம் இருந்தது. “சார்ஜ் முடியுது, வைக்கிறன்,” என்று சொல்லித் தொலைபேசியை அணைத்தாள். சார்ஜ் எண்பத்தாறு வீதம் இருந்தது.

இரண்டு பெண்களும் மூன்று மணித்தியாலம் அங்கேயே இருந்தார்கள். மிளகாய்த்தூள் போட்ட கொய்யாக்காய் தின்றார்கள். அஜந்தினி சற்று நித்திரையும் கொண்டாள். கண்ணாடி மாளிகைப் பக்கம் போகவேயில்லை. எந்தத் திசை எது என்று தெரியாமல் இருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று தங்கமலருக்கு அதுவரை தெரியாது. எஸ்பியர்க்கில் தவராஜா பதினாலு தரம் அழைத்துப் பார்த்தார். பிறகு தனியாக, விரலால், தோட்டம் முழுவதையும் நடந்து முடித்தார்.

அவள் திரும்பிய மறு ஞாயிறு, முத்துக்கிருஷ்ணனும் மனைவி பூர்ணாவும் அஜந்தினியும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பயணம் எப்படி என்று பூர்ணா தங்கமலரைத்தான் கேட்டாள். தவராஜா பதில் சொன்னார். தங்கமலர் அரண்மனைக் கூட்டத்தைப் பற்றித் தொடங்கினாள். அவள் அங்கே போன நாள் பிழை என்றார். மழை என்றாள், அங்கே ஆவணி மழை அப்படித்தான், பின்னேரத்தில் வரும் என்றார். காலையில் பெய்தது என்றாள். அது மழையில்லை, தூறல் என்றார்.

தங்கமலர் கறிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அந்தச் சார்ஜ் பொய்யைத் தவிர ஒருநாளும் பொய் சொல்லாதவள். குரல் கொஞ்சமும் மாறாமல் சொன்னாள்:

“அரண்மனைக்குப் பின்னால ரெண்டு கல் யானை நிக்குதெல்லோ. ஒண்டின்ர காதுக்குள்ள ரகசியம் சொன்னா மற்றதின்ர காதில கேக்குது.”

அஜந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அப்படி யானை அங்கே இல்லை. இருவரும் அரண்மனையின் பின்பக்கம் போகவேயில்லை.

தவராஜா சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டினார். “ஓம், அது தெரிஞ்சதுதானே. ஆனா இடப்பக்க யானையிலதான் சொல்லவேணும். மற்றது மழைத்தண்ணி போய்ப் பழுதாப்போச்சு.”

தங்கமலர் இதை எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது அடுத்தது.

“ஆமா சார்,” என்றார் முத்துக்கிருஷ்ணன். “எங்க ஆபீஸ்ல கூட சொல்லுவாங்க. வீக்கெண்டுல பயங்கர க்யூ.”

அஜந்தினிக்குப் புரையேறியது. பூர்ணா அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். தங்கமலருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு ஆண்களின் முகத்தையும் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. பிறகு பெரிய நிம்மதி வந்தது. யானைகளை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். மரத்தைப் பற்றி அவள் அந்த மேசையில் வாயே திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை. அது அவளுடையது.

யானைகள் இப்போது வடக்கே ஸ்கீவ நகரம் வரை போய்விட்டன. அங்கே ஒருவர் அவற்றின் வயதைக்கூடச் சொல்கிறாராம்.

வாசகரே, இவ்வளவு நேரமும் தவராஜாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஒரு சின்னக் கேள்வி. லால்பாக்குக்கு நாலு வாசல் என்று நான் எழுதியபோது, ‘ஆமாம், சரிதான்’ என்று மனதுக்குள் ஒரு தலையாட்டல் ஆட்டினீர்களே, நீங்கள் எந்த வாசலால் போனீர்கள்?